அலைக்குள் இறங்கித் தேட எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்?

கரையோரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக உலர்ந்த மணலில் மட்டும் தேடிக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பது 12 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஒற்றை அதிர்வெண் மெஷின். 3 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று போட்டிருக்கிறது, இதுவரை ஒரு சொட்டுகூடப் புகவில்லை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அலை நனைத்துவிட்டுப் போன மணலில் காயிலை (தண்டின் அடியில் இருக்கும் வட்டமான தேடும் தட்டு) வைத்த உடனே விடாமல் கத்த ஆரம்பிக்கிறது. சென்சிடிவிட்டியைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினால் அமைதியாகிவிடும், ஆனால் அப்புறம் நான்கு விரல் ஆழத்துக்குக் கீழே ஒன்றும் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் கல்யாண மோதிரத்தைத் தவறவிட்டுவிட்டு என்னிடம் வந்தார். இரண்டு மணி நேரம் தேடியும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. மெஷின் போட்ட சத்தத்தில் மோதிரத்தின் மேலேயே காயில் போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் புதிது வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நெஞ்சளவுத் தண்ணீர் வரைதான் போவேன், முங்கித் தேடும் எண்ணம் இல்லை. மைன்லேப் எக்வினாக்ஸ் 900, எக்ஸ்பி டியூஸ் 2, நோக்டா லெஜண்ட் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். கடலுக்கு என்றால் பல்ஸ் இண்டக்‌ஷன்தான் சரி என்று சிலர் சொல்கிறார்கள். ஒன்று 5 மீட்டர் என்கிறது, இன்னொன்று 20 மீட்டர் என்கிறது, ஆழம் கூடினால் மெஷினும் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? நிஜமாகவே தண்ணீரில் நின்று தேடியவர்கள் சொல்லுங்கள்.


உப்புக்காற்று எழுதியது:

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே புகாமல் இருப்பது வேறு, உப்புத் தண்ணீருக்குள் ஒழுங்காக வேலை செய்வது வேறு. உங்கள் பழைய மெஷினுக்கு முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. நீங்கள் பணம் கொடுக்க வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். காயிலின் காந்தப்புலம் பட்டதும் அந்தத் தண்ணீருக்குள்ளேயே மின்னோட்டம் சுழல ஆரம்பிக்கும், மெஷினுக்கு அது ஒரு பெரிய மெல்லிய உலோகத் தகடு மாதிரித் தெரியும். மணலில் இரும்புத் தாது கலந்திருந்தால் அது வேறு விதமான பதிலைக் கொடுக்கும். ஒற்றை அதிர்வெண் மெஷினில் கிரவுண்ட் பேலன்ஸை (தரையின் சத்தத்தை அடக்கும் அமைப்பு) உப்புக்கு ஏற்றபடி வைத்தால் தாது கத்தும், தாதுவுக்கு ஏற்றபடி வைத்தால் உப்பு கத்தும். இரண்டையும் ஒரே நேரத்தில் அடக்க ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண் வேண்டும். உங்கள் மெஷினில் கோளாறு எதுவும் இல்லை, அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன மூன்றும் பல அதிர்வெண் மெஷின்கள்தான், மூன்றிலும் கடற்கரைக்கென்றே தனி மோடு இருக்கிறது. நான் எக்வினாக்ஸ் 800 வைத்திருக்கிறேன், 2018-ல் வந்த மாடல். அதில் ஈர மணலுக்கு பீச் 1, அலைக்குள்ளும் தண்ணீருக்கு அடியிலும் பீச் 2. அலை நுரைக்குள் காயிலை வீசும்போது பீச் 2 கொடுக்கிற நிம்மதியை வார்த்தையில் சொல்ல முடியாது. 800-க்கு 3 மீட்டர்தான் கணக்கு, 900-க்கு 5 மீட்டர். தண்டும் கார்பன் ஃபைபராகிவிட்டது.

ஆழக் கணக்கைப் பொறுத்தவரை, மெஷின்களில் போட்டிருக்கும் ஐபி68 என்ற தூசி, தண்ணீர் தாங்கும் குறியில் கடைசியில் இருக்கும் 8-க்கு, கம்பெனி சொல்லும் ஆழத்தில் தொடர்ந்து மூழ்கி இருந்தாலும் தாங்கும் என்று அர்த்தம். அந்தச் சோதனை ஆடாமல் நிற்கும் நல்ல தண்ணீரில் நடப்பது. அலை ஓங்கி அடிப்பதோ, பொடி மணல் ரப்பர் வளையத்தில் போய் உட்காருவதோ அந்தக் கணக்கில் வராது. அதனால் நெஞ்சளவுக்குப் போகிறவருக்கு 3 மீட்டரே எண்ணிக்கையில் போதும் என்றாலும், 5 இருந்தால் நல்லது என்பேன். 20 மீட்டர் முங்குகிறவர்களுக்கு.


கருமணல் எழுதியது:

பல்ஸ் இண்டக்‌ஷன் பற்றி நான் சொல்கிறேன், ஏழு வருடமாக அதோடுதான் தண்ணீரில் இருக்கிறேன்.

அது வேலை செய்யும் விதமே வேறு. ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு நிறுத்தும், சில மைக்ரோ விநாடி காத்திருந்து பிறகு காது கொடுக்கும். உப்புத் தண்ணீரில் சுழலும் மின்னோட்டம் அந்த இடைவெளிக்குள்ளேயே செத்துப்போகும், உலோகத்தில் இருப்பது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் உப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை, இரும்புத் தாது கலந்த கருமணலும் பெரிய தொல்லை தராது. கருமணல் பட்டை பட்டையாகக் கிடக்கும் கரையில் பல அதிர்வெண் மெஷின்கள் மூச்சுத் திணறும்போது இது பாட்டுக்கு ஆழத்தில் கிடக்கும் மோதிரத்தைச் சொல்லும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இரும்பையும் தங்கத்தையும் அது நம்பும்படி பிரித்துக் காட்டாது. ஹேர்பின், ஆணி, சோடா மூடி எல்லாவற்றையும் தோண்டியாக வேண்டும். ஹேர்பின் நீளவாக்கில் கிடந்தால் இரண்டு முறை ஒலிக்கும், பழகிய காதுக்கு அது தெரியும், ஆனால் பழக மாதக்கணக்கில் ஆகும். இன்னொன்று, மெல்லிய சங்கிலியில் எழும் மின்னோட்டமும் உப்புத் தண்ணீர் மாதிரியே சீக்கிரம் அடங்கிவிடுவதால், காத்திருக்கும் இடைவெளியை நீட்டினால் அதையும் சேர்த்து இழப்பீர்கள்.

கேரெட் சீ ஹன்டர் மார்க் 2 மாதிரியான மெஷின்கள் 60 மீட்டருக்கு மேல் தாங்கும், கட்டுப்பாட்டுப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் திரை, எந்த உலோகம் என்று ஊகிக்க உதவும் எண் எதுவும் கிடையாது, சத்தம் மட்டும்தான். உங்கள் கரையில் கருமணல் இல்லை, குப்பை மட்டும் அதிகம் என்றால் இது உங்களுக்கு வேண்டாம். இருக்கிறதா என்று முதலில் சொல்லுங்கள். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலில் இழுத்துப் பாருங்கள், ரோமம் மாதிரி மொய்த்துக்கொண்டு வந்தால் இருக்கிறது.


நீர்வளையம் எழுதியது:

எந்த மெஷின் என்று மற்றவர்கள் சொல்லட்டும், காது விஷயத்தை யாரும் தொடவில்லை. ப்ளூடூத் ஹெட்போன் தண்ணீருக்குள் வேலை செய்யாது. அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் குடித்துவிடும், கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு சாண் முழுகினாலே சத்தம் நின்றுவிடும். அதனால் கம்பி வைத்த, தண்ணீர் தாங்கும் ஹெட்போன் தனியாக வாங்க வேண்டும், அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். டியூஸ் 2-ல் காயிலும் ரிமோட்டும்கூட (திரை இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) வயர்லெஸ்ஸில் பேசுவதால், முழுகித் தேடும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு ஆன்டெனா கம்பியை மாட்ட வேண்டியிருக்கும். சின்ன வேலைதான், ஆனால் மறந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினால் திரும்பிக் கரைக்கு வர வேண்டும்.

என்னுடைய முதல் மெஷினில் (எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை) எட்டாவது மாதம் தண்ணீர் புகுந்தது. முழங்கால் ஆழத்தில்தான் நின்றேன், திரைக்குப் பின்னால் பனி மாதிரிப் படர்ந்தது, மறுநாள் உயிர் இல்லை. பிரித்துப் பார்த்தபோது ஹெட்போன் மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு மணல்துகள் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து நான் கரையில் எந்த மூடியையும் திறப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் மூடி மூடியபடியே நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, அப்புறம்தான் சார்ஜுக்குத் திறப்பேன். ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, மாதம் ஒருமுறை சிலிகான் கிரீஸ் லேசாகப் பூசுவேன், ஆனால் உங்கள் கம்பெனிக் கையேடு கிரீஸ் வேண்டாம் என்றால் வேண்டாம். காயிலுக்கு அடியில் மாட்டும் கவரையும் கழற்றிக் கழுவ வேண்டும், உள்ளே தேங்கும் உப்பு மணலே பொய்ச் சத்தம் கொடுக்கும். வாரன்டியில் தண்ணீர் புகுந்தால் மாற்றித் தருவார்களா, பழையதாக வாங்கினால் அது உங்கள் பெயருக்கு வருமா, இந்த இரண்டையும் வாங்குவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் கொண்டுபோகும் பொருளுக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது என்று நினைக்கிறேன்.


கரையோரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. காந்தம் இழுத்துப் பார்த்தேன். பெரிய அலைக்குப் பிறகு மேல்கரையில் மட்டும் கொஞ்சம் மொய்க்கிறது, இடுப்பளவுத் தண்ணீரில் அள்ளிய மணலில் அநேகமாக ஒன்றுமில்லை. குப்பைதான் அதிகம், ஹேர்பினும் டின் கேனைத் திறக்கும் வளையமும். இன்னொன்று, எனக்கு வலது தோள்பட்டை சரியில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் வீசினால் வலிக்கும். பெரிய காயில் வாங்கினால் ஆழம் கிடைக்கும் என்கிறார்கள், வாங்கலாமா?


உப்புக்காற்று எழுதியது:

அப்படியென்றால் பல்ஸ் வேண்டாம், பல அதிர்வெண் போதும், கருமணலும் இதையேதான் சொல்வார் என்று நினைக்கிறேன். மூன்றில் எது என்றால், தோள்பட்டைக்காக டியூஸ் 2-வைக் கையில் பிடித்துப் பாருங்கள், எடை ரொம்பக் குறைவு. ஆனால் தண்ணீரில் எடையைவிட இழுவைதான் தோளைக் கொல்லும். 15 அங்குலக் காயில் உலர்ந்த மணலுக்கு நல்லது, அலைக்குள் அது படகுத் துடுப்பு. 11 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள், 9 இருந்தால் இன்னும் சுகம். வேகமாக வீசவும் வேண்டாம், காயிலைத் தரைக்குச் சமமாக வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். ஈர மணலில் நடக்கும்போது கடலை நோக்கிப் போய்த் திரும்பி வராமல் நீர்க்கோட்டுக்கு இணையாகவே நடங்கள், ஈரம் ஒரே அளவில் இருந்தால் மெஷினும் அமைதியாக இருக்கும்.

டின் கேன் வளையத்தை எண் பார்த்து ஒதுக்கலாம் என்று நினைக்காதீர்கள். நிறைய தங்க மோதிரங்கள் அதே எண்ணில்தான் விழும். ஹேர்பினை வேண்டுமானால் ஒதுக்குங்கள், வளையத்தைத் தோண்டியே ஆக வேண்டும்.


கருமணல் எழுதியது:

ஆமாம், உங்களுக்கு பல்ஸ் வேண்டாம். மிச்சமாகும் பணத்தை ஸ்கூப்பில் (மணலை அள்ளி வடிக்கும் ஓட்டை போட்ட கரண்டி) போடுங்கள், அதை யாரும் மதிப்பதில்லை. உலர்ந்த மணலுக்கு வைத்திருக்கும் கைப்பிடி ஸ்கூப் இடுப்பளவுத் தண்ணீரில் உதவாது. நீளக் கம்பு வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்கூப் வேண்டும், பின்பக்கம் காலால் மிதித்து அழுத்த இடம் இருக்க வேண்டும். சத்தம் வந்த இடத்தில் காயிலின் நடுவைப் பிடித்து, அதை ஒட்டிக் காலை ஊன்றி, கால் விரலுக்கு முன்னால் ஸ்கூப்பை இறக்குங்கள். முதல் அள்ளலில் வரவில்லை என்றால் அதே குழிக்குள் மறுபடி, ஏனென்றால் அலை அடுத்த நிமிடமே குழியை மூடிவிடும். ஓட்டை ரொம்பச் சின்னதாக இருந்தால் மணல் வடியாது, ரொம்பப் பெரிதாக இருந்தால் கம்மல் போய்விடும்.

எங்கே தேடுவது என்றால், கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் கரைக்கு இணையாக ஓடும் பள்ளங்களைப் பாருங்கள். தூண்டில் ஈயக் குண்டும் நாணயமும் சேர்ந்து கிடைத்தால் அந்த இடத்தை விடாதீர்கள். கனமானதெல்லாம் அங்கேதான் ஒதுங்கியிருக்கிறது என்று பொருள், மணலைவிட ஈயம் நான்கு மடங்குக்கு மேல் கனம், தங்கம் அதையும்விடக் கனம். அலுமினியம் மட்டுமே கிடைத்தால் நகருங்கள்.

தனியாக மட்டும் இறங்காதீர்கள். ஹெட்போனில் காதும் தரையில் கண்ணும் இருக்கும்போது பின்னால் வரும் அலை தெரியாது, முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்காதீர்கள், இழுப்பு இருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம்.


கரையோரன் எழுதியது:

சரி, முடிவு செய்துவிட்டேன். டியூஸ் 2, 9 அங்குலக் காயில், ஆன்டெனா கம்பி, கம்பி ஹெட்போன், அப்புறம் நீளக் கம்பு ஸ்கூப். தம்பியைக் கரையில் நிறுத்திக்கொண்டு அந்த அம்மா காட்டிய இடத்துக்கே முதலில் போகிறேன். அவர் எந்தக் கம்பத்துக்கு நேராக நின்றார் என்று அன்றே குறித்து வைத்திருக்கிறேன்.


நீர்வளையம் எழுதியது:

மோதிரம் விழுந்ததாக அந்த அம்மா சொன்ன இடத்திலிருந்து இரண்டு பக்கமும் பத்து அடி சேர்த்துக் கட்டம் போட்டுத் தேடுங்கள். இடுப்பளவில் நின்றவர்கள் தாங்கள் நின்ற இடத்தைக் கொஞ்சம் தள்ளித்தான் சொல்வார்கள், அலை அவர்களை நகர்த்தியிருக்கும். கிடைத்தால் இங்கே வந்து சொல்லுங்கள்.