ஒரே பேனல், ரெண்டு துறைமுகம்

படகு பேட்டரிக்குச் சின்ன சோலார் பேனல் மாட்டலாமா என்று யார் கேட்டாலும், படகு எந்தத் துறைமுகத்தில் கிடக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக் கணக்கில் வரும் எங்கள் குளச்சலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ரெண்டும் ஒரே கன்னியாகுமரி மாவட்டம்தான். ஆனால் அங்கே படகு சும்மா கிடப்பது கத்திரி வெயிலில், இங்கே மழையில்.

என் மச்சான் படகு சின்னமுட்டத்தில். 40 வாட் பேனல் ஒன்று வாங்கினான். “சின்ன பேனல்தானே, கன்ட்ரோலர் எதுக்கு? நேரா டெர்மினல்ல குடுங்க” என்று விற்றவர் சொல்ல, அப்படியே மாட்டிவிட்டு வீட்டில் இருந்துவிட்டான். மே கடைசியில் கூட்டிப்போய்க் காட்டினான். பேட்டரி மூடியைத் திறந்தால் தண்ணீர் வற்றி, தட்டுகள் பாதிக்கு மேல் வெளியே தெரிகின்றன. டெர்மினலைச் சுற்றி வெள்ளைப் பொடி. நடுப்பகலில் மீட்டரை வைத்தால் 15 வோல்ட்டைத் தாண்டி நிற்கிறது. 12 வோல்ட் பேனல் என்பது பெயருக்குத்தான். தனியாக வெயிலில் வைத்தால் 21, 22 வரை காட்டும். நிறைந்த பேட்டரியை 13.6 பக்கத்தில் பிடித்து நிறுத்துவது கன்ட்ரோலர் வேலை. இந்த அளவுக்குச் சாதாரண பி.டபிள்யூ.எம். வகை கன்ட்ரோலர் போதும், விலை கூடின எம்.பி.பி.டி. வகைக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

குளச்சலில் கதை நேர் எதிர். பக்கத்துப் படகுக்காரர் 20 வாட் பேனலும் கன்ட்ரோலரும் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தார். தடை முடிந்து சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும். பேனல் டூப்ளிகேட் என்று ஒரே சத்தம் போட்டார். எங்கள் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “படகைக் கட்டிப்போடும்போது பேட்டரி எத்தனை வோல்ட்ல இருந்துச்சு?” 12.1. அதாவது ஏறக்குறைய பாதி சார்ஜ். போதாததற்கு, படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் ஆட்டோமேட்டிக் பில்ஜ் பம்ப் வேறு மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஜி.பி.எஸ். வயரையும் கழற்றவில்லை.

கணக்கு இதுதான். 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரி கொள்ளளவின் அளவு) ஈய பேட்டரி சும்மா கிடந்தால் மாதம் 5 ஏ.ஹெச். அளவுக்குத் தானாக இறங்கும், சூட்டில் இன்னும் கொஞ்சம் அதிகம். 20 வாட் பேனல் மூடலான நாளில்கூட 1 ஏ.ஹெச். பக்கம் தரும். அந்த இறக்கத்தை ஈடுகட்ட இது தாராளம். பாதி காலியான பேட்டரியை மழைக்காலத்தில் தூக்கி நிறுத்த இது ஆகாது, அதோடு பம்புக்கும் தீனி போடச் சொன்னால் எங்கே போகும்? கரையில் சார்ஜர் போட்டு 12.7 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு பேனலில் விடுங்கள்.

அப்புறம் வயர். பேனல் கெட்டுப்போச்சு என்று என்னிடம் வந்ததில் பாதிக்கு மேல் ஜாயின்ட் கோளாறுதான். டேப்பைப் பிரித்தால் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறி, தொட்டாலே உதிரும். முறுக்கி டேப் சுற்றுவது வீட்டுக்குச் சரி, உப்புக்காற்றுக்கு நிற்காது. வெள்ளீயம் பூசின வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். டெர்மினலில் வாசலின் தடவுங்கள், பேட்டரிப் பக்கம் ஒரு ஃபியூஸ் போடுங்கள். முதலில் பேட்டரியை கன்ட்ரோலரில் கொடுத்துவிட்டுத்தான் பேனலைக் கொடுக்க வேண்டும். கழற்றும்போது பேனல் முதலில்.

படகு ஓட்டும் அறையான வீல் ஹவுஸ் மேல் மாட்டுகிறவர்கள் கம்பி நிழலையும் பாருங்கள். ஆன்டெனா நிழல் ஒரு கோடாக விழுந்தாலே கரண்ட் பாதியாகிவிடும். காக்கா எச்சமும் அப்படித்தான். நம்ம ஊரில் பேனலைப் படுக்கையாக வைத்தாலே வெயில் நன்றாக விழும். மழைத்தண்ணீர் வழிய லேசாகச் சாய்த்தால் போதும்.

தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்களுக்கு இந்தச் சின்ன பேனல் பேச்சு பொருந்தாது. வயர்லெஸ், எக்கோ (ஆழமும் மீனும் காட்டும் கருவி), லைட் எல்லாம் ஓட 100 வாட்டுக்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம். அங்கே யாராவது லித்தியம் பேட்டரி போட்டிருந்தால், எந்த கன்ட்ரோலர், எத்தனை வோல்ட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மச்சான் இப்போது லித்தியம்தான் வாங்கப்போகிறேன் என்று நிற்கிறான்.