ஜி.டி. நாயுடு கண்காட்சிக்கான யூ.எம்.எஸ். ரேடியோ: பழுதுநீக்க உதவி தேவை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வாசகசாலையில் அடுத்த மாதம் ஜி.டி. நாயுடுவைப் பற்றி மாணவர்களுக்காகக் கண்காட்சி நடத்துகிறோம். கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்து, பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, பேருந்துத் தொழிலில் பொருளீட்டிய அவர், 1945இல் கோவையில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் உருவாகக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. சுவரொட்டிகள் தயார், சிக்கல் ரேடியோவில்தான்.

உறுப்பினர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து தந்த, நாயுடுவின் யூ.எம்.எஸ். நிறுவனத் தயாரிப்பான வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வகை) அது. மின் இணைப்புக் கொடுத்தால் டயல் விளக்கு எரிகிறது, சற்று நேரத்தில் 'உம்' என்ற இரைச்சல் எழுகிறது, 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலிகூட எடுப்பதில்லை. பவர் பகுதியின் பழைய கண்டென்சர்களை மாற்றியதில் இரைச்சல் குறைந்தது, நிலையம் கிடைக்கவில்லை. ஒரு வால்வு மட்டும் சூடாவதே இல்லை. அதன் கண்ணாடியில் எண் முற்றிலும் அழிந்திருப்பதால் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் மாற்று கேட்கவும் வழியில்லை. உள்ளே டிரான்சிஸ்டர் போர்டு வைத்துத் தருவதாக ஒரு மெக்கானிக் சொன்னார்; பெட்டியை மட்டும் காட்டுவதற்குப் புகைப்படமே போதுமே என்று மறுத்துவிட்டோம்.

எண் அழிந்த வால்வின் வகையைக் கண்டறிந்து, மூலச் சுற்றை மாற்றாமல் இதைப் பழுதுநீக்கக்கூடியவர் சென்னையில் யார் இருக்கிறார்?