வெள்ளை இலை மான்ஸ்டெராவுக்கு என்ன மண் போட்டீர்கள்? பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

விளாங்குடி மாடிவீடு:

முதலில் என் கதை. முந்தின வருஷம் ஆடித் தள்ளுபடி என்று மயங்கி ஒரு வேரிகேட்டட் மான்ஸ்டெரா வாங்கினேன், பச்சை இலையில் வெள்ளை கலந்து வருகிற அலங்காரக் கொடி. ஒரு கணு, ஒன்றரை இலை, விரல் நீளத்துக்கு நாலைந்து வேர். விலையை இங்கே எழுதினால் வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள், வேண்டாம்.

எங்கள் மாடியில் மல்லிக்கும் ரோஜாவுக்கும் ஒரே கலவைதான்: செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. அம்மா காலத்துக் கணக்கு. மல்லி அதில் பூத்துக் கொட்டுகிறது. அதையே இதற்கும் போட்டேன். மணல் மட்டும் பக்கத்து வீட்டுக் கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்த மணல். நன்றாக வளரட்டும் என்று 12 அங்குலத் தொட்டி வேறு.

புரட்டாசி வரை ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி அடைமழையில் வெள்ளைப் பகுதியின் ஓரமெல்லாம் பழுப்பேறி, வெயிலில் கிடந்த பழைய பேப்பர் போல ஆனது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன். அங்கேதான் கெட்டது. ஒரு நாள் காலையில் காம்பு சாய்ந்து கிடந்தது. தொட்டியைக் கவிழ்த்தால் மண் உதிரவே இல்லை, ஒரே கட்டி. எம்-சாண்டில் இருந்த கல்மாவு செம்மண்ணோடு சேர்ந்து பூச்சு வேலை மாதிரி இறுகியிருந்தது. சாக்கடை வாடை. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தேன். தோல் அப்படியே வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் தொங்கியது. வேரழுகல் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கையில் பிடித்துப் பார்த்தது அன்றுதான்.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். இந்தச் செடியின் ஊர் தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள காடு. மரத்தைத் தொற்றிக்கொண்டு ஏறுகிற ஜாதி. அதன் வேர் பழகியது மக்கிய இலைச் சருகும் மரப்பட்டையும், நடுவில் நிறையக் காற்றும். அதோடு வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. வீட்டில் பாதிப் பேர் வேலைக்குப் போகாமல் சாப்பிடுகிற குடும்பம் மாதிரி. வளர்ச்சி மெதுவு, தண்ணீர் குடிப்பதும் குறைவு. முழுப் பச்சைச் செடி நாலு நாளில் உறிஞ்சி முடிக்கிற ஈரம் இதற்குப் பத்து நாள் கிடக்கும். அதை 12 அங்குலத் தொட்டியில் இறுகின மண்ணில் வைத்தால் வேர் எங்கே மூச்சு விடும்?

அழுகியதை ஸ்பிரிட் தொட்ட பிளேடால் நறுக்கினேன். மிஞ்சியது இரண்டு வேர். நிழலில் சில மணி நேரம் காயவைத்து, 5 அங்குல மானாமதுரை மண்தொட்டியில் புதுக் கலவையில் வைத்தேன். அரை அங்குலத்துக்கு நறுக்கிய தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒன்று, பெர்லைட் (பொரித்த வெள்ளைக்கல்) ஒன்று, கரித்துண்டு அரை, மண்புழு உரம் அரை. மேலே ஊற்றிய தண்ணீர் பத்து எண்ணுவதற்குள் கீழே வந்துவிட வேண்டும், அதுதான் என் சோதனை. 47 நாள் ஒன்றுமே நடக்கவில்லை. 48-வது நாள் ஒரு முளை தெரிந்தது. மண்டல விரதம் இருந்தது அதுவா நானா என்று மனைவி கேட்டாள்.

உங்கள் கதை என்ன?

திருநகர் டீச்சர்:

என் செடி மான்ஸ்டெராவில் ‘தாய் கான்ஸ்டலேஷன்’ என்கிற ரகம். பாதிப் பாதி வெள்ளை இல்லை, நட்சத்திரம் தெளித்தது போல இருக்கும். எனக்கு மண்ணால் வந்த வினை அழுகல் இல்லை, உப்பு.

650 கிராம் கோகோபீட் கட்டி வாங்கினேன். ஊறினால் எட்டு லிட்டருக்கு மேல் உப்பும். ஊறவைத்தேன், பிழிந்தேன், அப்படியே போட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் இலை நுனி கருகியது. நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும், கழுவித்தான் போட வேண்டும் என்பதைச் சிங்கம்புணரியில் கயிறு திரிக்கும் என் உறவுக்காரர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இப்போது நாலு தடவை அலசுகிறேன். முதல் தண்ணீர் கடுங்காபி நிறம், நாலாவது வெளிர் டீ. கடைசியில் கால்சியம் நைட்ரேட் கலந்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு மறுபடி அலசினால், ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிடும்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறு மாதம் செடிக்கு ஊற்றியிருக்கிறேன். எங்கள் போர்த் தண்ணீரே கடும் உப்பு. மெஷின் அந்த உப்பை வடித்துக் கழிக்கிற தண்ணீர் அது. மண்தொட்டியின் வெளிப்புறமெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போலப் பூத்துவிட்டது. அதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னேன்! இப்போது மழைத் தண்ணீர்தான். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா முணுமுணுத்துக்கொண்டே கட்டிய தொட்டி, இன்றைக்கு மான்ஸ்டெராவுக்கு உதவுகிறது. மழைத் தண்ணீர் தீர்ந்துபோனால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டி கொள்ளளவுக்கு மூன்று மடங்கு ஊற்றி உப்பை அலசி விடுகிறேன்.

கரிமூட்டம்:

கரித்துண்டு என்றதும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மானாமதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை சீமைக்கருவேலங்கரிக்குப் பஞ்சமில்லை. சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து, தூசியைச் சலித்துவிட்டு, ஒரு நாள் ஊறவைத்துப் போடுங்கள். அடுப்புச் சாம்பலோடு அள்ளிப் போட்டால் மண் காரமாகிவிடும். உமிக்கரியும் அப்படித்தான்: கருப்பாக இருந்தால் நல்லது, வெந்து வெளுத்துச் சாம்பலானது ஆகாது. பெர்லைட் வாங்கக் காசு இல்லாதபோது சலித்த உமிக்கரியை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறேன்.

ஒத்தக்கடை நர்சரி:

எல்லோரும் மண்ணே கூடாது என்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அண்ணன் சொன்ன மட்டைக் கலவையை மண்தொட்டியில் போட்டுச் சித்திரையில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் காலையில் ஊற்றியது சாயங்காலம் காய்ந்து, கோகோபீட் சுருங்கி, தொட்டிக்கும் கலவைக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி விழுந்துவிடும். பிறகு ஊற்றும் தண்ணீர் அந்தச் சந்து வழியே ஓடிவிடும், வேருக்குச் சொட்டுக்கூடப் போகாது. ஆபீஸ் போகிறவர்கள் என்ன செய்வார்கள்?

நான் ஐந்தில் ஒரு பங்கு சலித்த செம்மண் சேர்க்கிறேன். மாவு இல்லாமல், மிளகளவுப் பொடிக்கல்லாக. பிளாஸ்டிக் தொட்டி, 50 சதவீத நிழல்வலை. இரண்டு வருஷமாக நிற்கிறது. மண்புழு உரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நல்ல பூஞ்சையைக் கலந்து வைப்பேன், அழுகல் வராமல் காக்கத்தான். அழுகிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. கரிசல் மண்ணை மட்டும் தொடாதீர்கள். திருமங்கலம் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் சொந்தத் தோட்டத்து மண் என்று பெருமையாகப் போட்டு, செடியோடு தொட்டியையும் கொண்டுவந்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

விளாங்குடி மாடிவீடு:

நீங்கள் சொல்வது சரிதான் அண்ணே. போன பங்குனியில் நானும் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டேன், ஐப்பசிக்கு மறுபடி மண்தொட்டி. ஆனால் செம்மண் சேர்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. சூடு கண்ட பூனை.

அழகரடி புதுசு:

நான் வேப்பம் புண்ணாக்கு ஒரு கை போட்டேன், வீட்டுக்குள் வைத்த தொட்டியில். ஒரு வாரம் ஹாலில் யாரும் உட்காரவில்லை. அப்புறம் சின்னச் சின்ன ஈ. மாமியார் சாமி விளக்கில் அது விழுகிறது என்று செடியை மாடிக்கு அனுப்பிவிட்டார். மேல்மண்ணை இரண்டு அங்குலம் காயவிட்டு, மஞ்சள் ஒட்டு அட்டை வைத்த பிறகு அடங்கியது. ஒரு சந்தேகம்: எந்த உரம் போட்டால் வெள்ளை கூடும்?

விளாங்குடி மாடிவீடு:

எந்த உரமும் கூட்டாது தங்கச்சி. வெள்ளை வருவதும் வராததும் வளர்முனையில் இருக்கிற செல்லின் கணக்கு. எனக்கு ஒரு இலை முழு வெள்ளையாகவே வந்தது. பார்க்கப் பிரமாதம், ஆனால் இப்படியே தொடர்ந்தால் சமைக்க ஆளில்லாமல் செடி போய்விடும். அடுத்ததும் அப்படி வந்தால் கீழே பச்சையும் வெள்ளையும் கலந்த கணுவரை வெட்டிவிடுவேன்.

பராமரிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன்: தேதி பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டேன். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவித் தொட்டியின் அடிவரை செருகி, கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பேன். கருத்து ஈரமாக வந்தால் இன்னும் பொறுக்கலாம். ஒரு வருஷத்தில் கலவை இரண்டு விரற்கடை அமுங்கி, கோகோபீட் களி போல ஆகிவிட்டது. போன தை மாதம் வேரைக் கலைக்காமல் உதிர்த்து மாற்றினேன். அந்தப் பழைய 12 அங்குலத் தொட்டி மண்ணை அம்மா மல்லித் தொட்டியில் கொட்டிக் கொத்திவிட்டார். மல்லிக்கு அது ஒத்துப்போகிறது.

அழகரடி புதுசு:

அண்ணே, வெட்டினால் ஒரு கணு எனக்குக் கிடைக்குமா?

விளாங்குடி மாடிவீடு:

இப்போது நாலு இலைதான் இருக்கிறது. ஆறாவது வரட்டும்.