ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளுக்கு அடிபட்டது: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரி அம்மா:

2021 மே மாதம், கத்திரி வெயில். எங்கள் தெருவுக்குள் 108 வண்டி அடிக்கடி வந்து போய்க்கொண்டிருந்தது. மாமியாருக்கு லேசாகச் சளி பிடித்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் எல்லாருமே காலையும் மாலையும் ஆவி பிடிக்க ஆரம்பித்தோம். நொச்சி இலை, மஞ்சள், கல்லுப்பு போட்டுக் கொதிக்கக் கொதிக்க குண்டானை இறக்கிக் கூடத்துத் தரையில் வைப்போம். மேலே போர்வை.

அன்று போர்வைக்குள் இருந்தது நான். மகனுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடம் இல்லை, தெருவில் விளையாட்டும் இல்லை. அம்மா ஒளிந்து விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தான். கால் பட்டுக் குண்டான் சாய்ந்தது. வலது தொடை முழுக்க வெந்நீர்.

மாமியார் பேஸ்ட் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எதிர்வீட்டு ஆயா இங்க் ஊற்றச் சொன்னார். வேலூரில் தெருவுக்கு ஒரு நர்ஸாவது இருப்பார். எங்கள் பக்கத்து மாடியில் இருந்தவர் கோவிட் வார்டு டியூட்டி முடித்துத் தனிமையில் இருந்ததால் கீழே இறங்கி வரமுடியாது. மாடியிலிருந்தே கத்தினார்: "அதெல்லாம் வெக்காதமா! டிராயர கழட்டு. தண்ணிய ஊத்திக்கினே இரு, இருவது நிமிசம், நிறுத்தாத!" ஐஸ் வைக்கலாமா என்று கேட்டதற்கு, "வேணாம், பச்சத் தண்ணி போதும்" என்றார்.

அன்று குழாயில் தண்ணீர் வராத நாள். வீட்டில் இருந்தது இரண்டு குடம்தான். ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்கள் தெருக்காரர்கள். எந்தக் குடம் யாருடையது என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொண்டு வந்துவிடுமே என்று என் கணவர் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் அரைமணி நேரம் போனது. போன இடத்தில் முதலில் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட். கூட ஒரே ஒரு ஆள்தான் இருக்கலாம் என்றதால் அவர் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். காயத்தைப் பார்த்த டாக்டர், "உடனே தண்ணி ஊத்துனதாலதான் ஆழம் கம்மி, தோல் எடுத்து ஒட்ட வேண்டியதில்ல" என்றார். மூன்று வாரம் கட்டுப் போட்டோம். ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் அவன் என் முடியைப் பிடித்துக்கொள்வான்.

நோய் வந்துவிடக்கூடாது என்று நான் வைத்த குண்டான் அது. அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. உங்கள் வீட்டில் நடந்திருந்தால் எழுதுங்கள்.

குடியாத்தம், தறி வைத்திருக்கிறோம்:

அக்கா, எங்கள் வீட்டில் நடந்தது 2020 ஏப்ரலில். நூல் வராமல் தறி நின்றுபோயிருந்தது. வாசல் தெளிக்க பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தேன். நான் செய்த தப்பு அதுதான். மூன்று வயசுப் பொண்ணு வெயிலுக்குத் தாகமாகி ஒரு வாய் குடித்துவிட்டாள். எங்கம்மா பதறி, உப்புத்தண்ணி கொடுத்து வாயில் விரல் விட்டார். பைக்கில் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் முதலில் கேட்டது, "வாந்தி எடுக்க வச்சீங்களா?" உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போதும் சுடும், மூச்சுக்குழாயில் இறங்கினால் இன்னும் மோசம் என்று விளக்கினார். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கும் இதே பேச்சுதானாம். ஒரு வாயோடு போனதால் தப்பித்தாள்.

ராணிப்பேட்டை அப்பா:

எனக்கு எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 2020 செப்டம்பர். மகளுக்கு ஒன்றரை வயது. திடீரென்று சோறு வேண்டாம் என்றாள். எச்சில் ஒழுகியது, இருமினாள். அப்போது யாருக்கு இருமல் வந்தாலும் ஒரே நினைப்புதானே. டெஸ்ட் எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காக ஒரு நாள் முழுக்க வீட்டிலேயே வைத்திருந்தோம். நெகட்டிவ் என்று வந்த பிறகும் இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சுக்கு மேலே காசு மாதிரி ஒரு வட்டம், அதன் விளிம்பை ஒட்டி உள்ளே இன்னொரு வளையம். எடை பார்க்கும் மெஷினில் இருந்த பட்டன் பேட்டரி.

அதிலிருந்து ஏதோ ஒழுகித்தான் சுடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஈரமான உணவுக்குழாயில் ஒட்டியதும் மின்சாரம் ஓடி, அந்த இடத்திலேயே காஸ்டிக் சோடா மாதிரி ஒரு காரம் உண்டாகிச் சதையை அரிக்கிறது. இரண்டு மணி நேரம் போதுமாம். எங்களுக்கு ஒன்றரை நாள் போயிருந்தது. எண்டோஸ்கோப்பி வைத்து எடுத்தார்கள். பிறகு உணவுக்குழாய் சுருங்கிப்போனதால் பலமுறை மயக்கம் கொடுத்து விரிக்க வேண்டியிருந்தது. இப்போது சோறு சாப்பிடுகிறாள், மெதுவாக. இட்லி என்றால் சீக்கிரம் இறங்கும்.

பிள்ளை எச்சில் ஒழுகவிட்டு, விழுங்க மாட்டேன் என்றால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

கொசப்பேட்டை:

எங்கள் பையன் கைப்பிடி இல்லாத மாடிப்படியில் விழுந்து கை முறிந்தது. அதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. ராணிப்பேட்டை அண்ணா, உங்கள் பொண்ணுக்காக வேண்டிக்கொண்டேன். சத்துவாச்சாரி அக்கா, தம்பிக்குத் தழும்பு போய்விட்டதா?

சத்துவாச்சாரி அம்மா:

போகவில்லை, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. அரை டிராயர் போட மாட்டேன் என்று அடம்பிடித்தவன் போன மாதம் பள்ளி விளையாட்டு விழாவில் போட்டுக்கொண்டு ஓடினான். மாடி வீட்டு நர்ஸ் அக்காவும் பார்க்க வந்திருந்தார். ராணிப்பேட்டை அண்ணா, படித்ததும் எழுந்துபோய் எங்கள் வீட்டு ரிமோட், எடை மெஷின் எல்லாவற்றின் மூடியையும் டேப் போட்டு ஒட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.