முழு மாடு வாங்கினால் கறி உண்மையில் மலிவாகிறதா?

தராசுமுள் எழுதியது:

முழு மாட்டை வாங்கிக் கறியாக்கிக்கொண்டால் கிலோவுக்குப் பாதி விலைதான் ஆகும் என்று இங்கே மீண்டும் மீண்டும் எழுதுகிறார்கள். எந்த எடைக்கு விலை சொல்லப்படுகிறது என்று கேட்காமல் விட்டதால் வந்த மயக்கம் அது. உயிரோடு நிற்கும் மாட்டின் எடை ஒன்று. தலை, தோல், குடல் நீக்கித் தொங்கவிட்ட பிறகு உள்ள உரித்த எடை வேறு. எலும்பும் மிகைக் கொழுப்பும் கழிந்து வீட்டுக்கு வரும் கறியின் எடை இன்னும் வேறு. இறைச்சிக்கென்று வளர்த்த, 550 கிலோ எடையுள்ள இளங்காளையை எடுத்துக்கொள்வோம். உரித்த எடை ஏறக்குறைய 60 விழுக்காடு, அதாவது 330 கிலோ. அதில் 65 விழுக்காடு கறியாகத் தேறினால் கைக்கு வருவது சுமார் 215 கிலோ.

கணக்குக்காக, உரித்த எடை கிலோவுக்கு 100 என்று விலை பேசியதாக வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு 33,000. வெட்டிப் பொதியும் கூலி அதே எடைக்குக் கிலோவுக்கு 15 என்றால் 4,950. அறுப்புக் கூலி 1,500. ஆக மொத்தம் 39,450. இதை 215 கிலோவால் வகுத்தால் ஒரு கிலோ கறியின் அடக்க விலை 183 ஆகிறது. நூறு என்று நினைத்து வாங்கியவருக்கு இது பெரிய ஏமாற்றம். பால் இன மாடாக இருந்தால் எலும்பு அதிகம், சதை குறைவு. பால் வற்றிய கிழட்டுப் பசுவென்றால் உரித்த எடையே உயிரெடையில் பாதியளவுக்கு இறங்கிவிடும்.

மந்தைக்காரி எழுதியது:

மாடு வளர்த்து இப்படி விற்பவள் என்ற முறையில், தராசுமுள் அவர்களின் கூட்டலில் பிழை இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். விற்பவர் எந்த எடைக்கு விலை சொல்கிறார் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே வாங்குவோரிடம் வற்புறுத்துகிறேன். உயிரெடைக்குப் பேசுவதை நான் விரும்புவதில்லை. வயிறு நிறையத் தீனியும் தண்ணீரும் கொடுத்து நிறுத்தால் அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

ஆனால் 183 என்பதை எதனோடு ஒப்பிடுவது என்பதில் அவரோடு உடன்பட முடியவில்லை. அந்த 183 கொத்துக்கறிக்கும் அதே விலை, முதுகுப் பகுதியின் மென்மையான துண்டுக்கும் அதே விலை. கடையில் கொத்துக்கறி 150, மெதுவாக வேகவைக்கும் தொடை, நெஞ்சுப் பகுதிகள் 200, வாட்டிச் சமைக்கும் ஸ்டீக் துண்டுகள் 400 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வரும் கறியில் இவை முறையே 40, 35, 25 விழுக்காடு என்றால், அதே கலவையைக் கடையில் வாங்கக் கிலோவுக்குச் சராசரியாக 230 ஆகும். கிலோவுக்கு 47 மிச்சம். இதில் சூப்பு எலும்பு, ஈரல், நாக்கு, வால், உருக்கக்கூடிய கொழுப்பு எதையும் நான் சேர்க்கவில்லை. கேட்டு வாங்கினால் இவையும் உங்களுடையவைதாம்; கேட்காதவர்களுக்கு அவை பெரும்பாலும் வந்து சேர்வதே இல்லை.

தராசுமுள் எழுதியது:

மந்தைக்காரி அவர்களே, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்டீக் துண்டுகளை விலை கருதி ஒருபோதும் வாங்காத குடும்பம் என்ன செய்யும்? அவர்கள் கடையில் வாங்குவது மற்ற இரண்டும்தான். அதே விகிதத்தில் அவற்றின் சராசரி விலை 173. முழு மாடு வாங்கினால் அவர்கள் கிலோவுக்குப் பத்து கூடுதலாகக் கொடுக்கிறார்கள். விலையுயர்ந்த துண்டு மலிவாகக் கிடைத்தது உண்மைதான். அவர்கள் செலவு குறையவில்லை என்பதும் உண்மைதான். மாட்டில் மிகவும் மென்மையான உள்முதுகுச் சதை இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்தாறு கிலோவுக்குமேல் பெரும்பாலும் தேறாது என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

கால்பங்கு எழுதியது:

நான் கால் பங்கு வாங்கியவன். இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். கால் பங்கு என்றால் மாட்டின் முன்பகுதியா பின்பகுதியா என்று நான் கேட்கவில்லை. எனக்கு முன்பகுதி வந்தது. அதில் கொத்துக்கறியும் வேகவைக்கும் கறியும்தான் மிகுதி. ஸ்டீக் துண்டுகளில் பெரும்பகுதி பின்பகுதியை வாங்கிய பங்குக்காரருக்குப் போய்விட்டது, விலையோ இருவருக்கும் ஒன்று. ஒரு பக்கத்தின் முன்னும் பின்னும் கலந்து சமமாகப் பிரித்துத் தரும்படி கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று ஃப்ரீசர். ஒரு கன அடி இடத்தில் சுமார் 16 கிலோ கறிதான் அடங்கும். 215 கிலோவுக்கு 13 அல்லது 14 கன அடி, ஏறத்தாழ 400 லிட்டர் வேண்டும். அந்தப் பெட்டியின் விலையும் மின்கட்டணமும் தராசுமுள் அவர்களின் 183இல் இல்லை. வாரம் இரண்டு கிலோ சமைக்கும் வீட்டுக்கு முழு மாடு இரண்டு ஆண்டுக்கு வரும். −18 டிகிரியில் வைத்தால் கறி கெடாது. ஆனால் கொத்துக்கறியின் சுவை மூன்று நான்கு மாதங்களிலும், பெரிய துண்டுகளின் சுவை ஓராண்டிலும் குறையத் தொடங்கிவிடும்.

மந்தைக்காரி எழுதியது:

கால்பங்கு அவர்கள் சொன்னது என்னை வருத்துகிறது, ஏனென்றால் அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் விற்றவர். ஃப்ரீசர் பற்றி ஒன்று சேர்க்கிறேன். வெட்டுபவரிடமே கறியை உறையவைத்து வாங்குங்கள். அந்த அளவுள்ள வீட்டுப் பெட்டி, கன அடிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, ஒரு நாளில் இருபது கிலோவுக்குள்தான் ஒழுங்காக உறையவைக்கும். இருநூறு கிலோ பச்சைக் கறியை ஒரே நாளில் திணித்தால் நடுவில் இருப்பது உறையுமுன் கெட்டுவிடும். நிரம்பிய பெட்டியைத் திறக்காமல் வைத்தால் மின்சாரம் நின்றாலும் இரண்டு நாள் தாங்கும் என்பது ஓர் ஆறுதல்.

தராசுமுள் அவர்களுக்கு: ஸ்டீக் வாங்காத குடும்பத்துக்கு முழு மாடு மிச்சம் தராது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நான் இனி மாட்டை விற்கும்முன், வாங்க வருபவர்கள் கடந்த மூன்று மாதத்தில் என்னென்ன கறி வாங்கினார்கள் என்று கேட்கிறேன்.

தராசுமுள் எழுதியது:

அதைக் கேட்பீர்களானால் எனக்கு மறுப்பு இல்லை. உரித்த எடை, வெட்டுக் கூலி, தேறும் கறி ஆகிய மூன்றையும் முன்பணம் வாங்கும் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.