பக்கத்து வீட்டுப் பையன் மார்மன் மிஷன் போயிருக்கான், வாரம் பூரா அப்படி என்னதான் பண்ணுவாங்க?

லீஹைக்காரன்:

வணக்கம் மக்களே. நாங்க யூட்டால லீஹைல இருக்கோம், தெருவுல பாதிக்கு மேல மார்மன் (அமெரிக்கால ஆரம்பிச்ச ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பங்கதான். பக்கத்து வீட்டுப் பையன் ஹைஸ்கூல் முடிச்ச கையோட மிஷனுக்கு, அதாவது ரெண்டு வருஷம் வெளியூர்ல தங்கி அவங்க மதத்தைப் பரப்பற ஊழியத்துக்குக் கிளம்பிட்டான், பிரேசில்ல ஃபோர்ட்டலேசா. ஊரை அவன் தேர்ந்தெடுக்கல, அவங்களுக்கு அந்த உரிமையே கிடையாதாம், சால்ட் லேக் சிட்டில இருக்கற சர்ச் தலைமையிலேருந்து வந்த லெட்டரை ஆன்லைன்ல திறந்து சொந்தபந்தம் மொத்தமும் சுத்தி நிக்க சத்தமா படிச்சான், எங்களையும் கூப்பிட்டிருந்தாங்க, ப்ளஸ் டூ ரிசல்ட் பார்க்கிற வீடு மாதிரி அவ்வளவு டென்ஷன்.

விஷயம் என்னன்னா, திங்கக்கிழமை ஆனா அவன்கிட்டேருந்து மெயில் வருது, அந்த லிஸ்ட்ல எங்களையும் சேர்த்து விட்டுட்டாங்க. எல்லாமே ஒரே அச்சு. வாரம் அருமையா போச்சு, ஜனங்க தங்கம், அற்புதம் பார்த்தேன், கீழ டை கட்டிக்கிட்டு நாலு போட்டோ. எங்க டிரைவ்வேல ஸ்கேட்போர்டு ஓட்டிக்கிட்டு வாய் ஓயாம பேசுவானே, அந்தப் பையன் இந்த மெயில்ல எங்கயுமே இல்ல. நேத்து அவங்கம்மா நீங்களும் ரெண்டு வரி எழுதுங்களேன், சந்தோஷப்படுவான்னாங்க. எனக்கு மதத்தைப் பத்தி வாதாடற ஆசையெல்லாம் இல்ல. அவனுக்கு ஒரு வாரம் நிஜமா எப்படிப் போகும், நான் என்ன எழுதலாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ப்ரோவோ பழைய ஸ்டூடண்ட்:

ப்ரோ, நான் யூட்டால ப்ரோவோல படிச்சப்ப ரூம்மேட்ஸ் எல்லாரும் மிஷன் முடிச்சவங்க, அதுல ஒருத்தன் பிரேசில்ல ரெசிஃபி பக்கம் இருந்தவன், சாப்பாட்டு டேபிள்ல உக்காந்தா அதே கதைதான், அதனால போகாமலேயே எனக்குப் பாதி மனப்பாடம்.

முதல்ல டிரெயினிங் சென்டர், புது பாஷை கத்துக்கணும்னா அங்கயே பல வாரம் ஓடிடும், அதுல ஆரம்பப் பகுதி இப்பல்லாம் வீட்டுல இருந்தே ஆன்லைன்ல. அப்புறம் ஃபீல்டு, அதாவது ஊழியம் செய்ய அனுப்பற ஊரு. பொதுவா காலைல 6:30-க்கு எழுந்துக்கணும், அரை மணி எக்சர்சைஸ், குளிச்சு சாப்பிட்டு வேதம் தனியா ஒரு மணி, கம்பானியனோட (ஜோடியா போட்டு அனுப்பற இன்னொரு மிஷனரி) சேர்ந்து ஒரு மணி, அது போக பாஷை படிப்பு. பத்து மணி வாக்குல தெருவுல இறங்கினா ராத்திரி ஒன்பது ஒன்பதரைக்குத் திரும்பணும், 10:30-க்கு லைட் ஆஃப். 2017-க்கு அப்புறம் ஊருக்குத் தகுந்த மாதிரி நேரத்தைக் கொஞ்சம் மாத்திக்கலாம்னு விட்டுட்டாங்க, ஆனா எலும்புக்கூடு இதுதான்.

நாம நினைக்கிற மாதிரி நாள் பூரா கதவு தட்டறது இல்ல. பிரேசில்ல கதவையே தட்ட மாட்டாங்களாம், கேட்டுக்கு வெளிய நின்னு கை தட்டணும், உள்ள இருந்து நாய் குரைக்கும், யாராவது ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து வீட்டுல ஆள் இல்லன்னு அவங்களே சொல்லுவாங்க, ரூம்மேட் இதை நடிச்சுக் காட்டுவான். ஏற்கனவே பேசினவங்கள மறுபடி பார்க்கிறது, சர்ச்சுக்கு வராம நின்னுபோன பழைய மெம்பர்ஸ் வீட்டுக்குப் போறது, யாருக்காவது வீடு மாத்த உதவறது, இலவச இங்கிலீஷ் கிளாஸ், இப்படி இழுக்கும். மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் மெம்பர்ஸ் வீட்டுல, அங்க மதிய சாப்பாடுதான் பெருசு, சோறும் பீன்ஸும் தட்டு நிறைய, மறுபடி மறுபடி வைப்பாங்க, வேணாம்னா கோவிச்சுக்குவாங்க. அந்த வெயில்ல வயித்தை நிரப்பிக்கிட்டு ரெண்டு மணிக்கு மறுபடி நடக்கணும்.

திங்கக்கிழமை பி-டே, பிரிபரேஷன் டே. லீவுன்னு பேரு, துணி துவைக்கிறது, மளிகை, முடி வெட்டறது, வீட்டைக் கழுவறது, மிஷன் பிரசிடெண்டுக்கு (அந்தப் பகுதி மிஷனரிங்களுக்கெல்லாம் தலைவர்) வாராந்திர ரிப்போர்ட், நீங்க படிக்கிற அந்த மெயில், மிச்ச நேரத்துல ஃபுட்பால். சாயங்காலம் 6 மணிக்கு லீவு முடிஞ்சு மறுபடி டை கட்டணும். ரூம்மேட் வெள்ளைச் சட்டைய சிமெண்ட் தொட்டில கைலயே தேய்ப்பானாம், காலர்ல மட்டும் வேர்வைக் கறை போகவே போகாதுன்னு ஊருக்கு வந்த அப்புறமும் புலம்புவான்.

எல்டர் முன்னாள்:

நான் இந்த சர்ச் மெம்பர்தான், மிஷன் முடிச்சவன். எந்த நாடுன்னு சொன்னா நம்ம வட்டத்துல ஆளைக் கண்டுபிடிச்சுடுவீங்க, அதனால வேணாம்.

மேல நண்பர் சொன்ன டைம்டேபிள் எல்லாம் சரி, ஆனா வாரம் நல்லா போச்சா நாசமா போச்சான்னு தீர்மானிக்கிறது டைம்டேபிள் இல்லைங்க, கம்பானியன். 24 மணி நேரமும் கண்ணு பார்க்கிற காது கேக்கிற தூரத்துல ரெண்டு பேரும் இருக்கணும், பாத்ரூம் தவிர தனிமையே கிடையாது. ஒரே ரூம், ரெண்டு கட்டில். யாரோடன்னு நாம சொல்ல முடியாது, ஆறு வாரத்துக்கு ஒருக்கா டிரான்ஸ்ஃபர் வரும், அப்ப ஆளும் மாறலாம் ஊரும் மாறலாம், இல்ல ரெண்டும் மாறாம அதே ஆளோட இன்னொரு ஆறு வாரம். பேரு சொல்லிக் கூப்பிடறதும் இல்ல, எல்டர்னு (ஆண் மிஷனரிங்களுக்கான பட்டம்) போட்டு குடும்பப் பேரு. சில பேரோட பல மாசம் குடித்தனம் பண்ணிட்டு முதல் பேரு ஊருக்கு வந்து ஃபேஸ்புக்ல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

எனக்கு ஒரு கம்பானியன் வாய்ச்சான், காலைல எழுந்ததுலேருந்து ஒரே பாட்டை மூக்காலயே பாடுவான், பக்திப் பாட்டுதான், அதனால குறை சொல்லவும் வழியில்ல. நீ தண்ணி குடிக்கப் போனா அவன் வருவான், அவனுக்கு வயிறு சரியில்லன்னா நீயும் நாள் பூரா ரூம்லயே கிடக்கணும். காரு கொடுத்த ஏரியால ரிவர்ஸ் எடுக்கணும்னா ஒருத்தன் இறங்கிப் பின்னாடி போய் நின்னு கையைக் காட்டணும், அது ரூல், மழை கொட்டினாலும் சரி. சண்டை போட்ட அன்னிக்கு அவனைப் பின்னாடி நிக்க வச்சு ரிவர்ஸ் எடுக்கிறப்ப ரெண்டு பேருக்கும் மனசுல என்ன ஓடும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க 😄

வாரத்துல ஒரு நாள் பிளானிங் செஷன் உண்டு. அதோட முடிவுல ஒருத்தருக்கொருத்தர் எதிர்ல உக்காந்து, உன்கிட்ட எனக்குப் பிடிச்சது இது, கஷ்டமா இருக்கறது இதுன்னு முகத்தைப் பார்த்துச் சொல்லணும். 18 வயசுப் பசங்க. வீட்டுல அண்ணன்கிட்ட கூட அப்படிப் பேசியிருக்க மாட்டோம். முதல் தடவை எனக்கு வாயே வரல, அவன்தான் ஆரம்பிச்சான், நீ சாப்பிட்ட தட்டைக் கழுவறதே இல்லன்னு. இன்னிக்கு என் வீட்டம்மா என்னைப் பத்தி நல்லதா ஏதாவது சொல்றாங்கன்னா அதுல பாதி அவன் புண்ணியம்.

ஞாயித்துக்கிழமை சர்ச் (2019 ஜனவரிலேருந்து ரெண்டு மணி நேரமா குறைச்சுட்டாங்க, முன்ன மூணு), மாசத்தோட முதல் ஞாயிறு உபவாசம். ஞாயிறு காலைல சர்ச் வாசல்லயே நின்னு ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருப்போம், கண்டிப்பா வரேன்னு சனிக்கிழமை சொன்ன குடும்பம் வருதான்னு. முக்கால்வாசி வராது. ராத்திரி டிஸ்ட்ரிக்ட் லீடருக்கு (பக்கத்து ஏரியா சில ஜோடிகளைப் பார்த்துக்கற மிஷனரி) நம்பர் சொல்லணும், எத்தனை புது ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க, எத்தனை பேரு சர்ச்சுக்கு வந்தாங்க, எத்தனை பேருக்கு ஞானஸ்நானத் தேதி குறிச்சிருக்கு. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்னு சொன்ன ஞாயிறுகள் இருக்கு. மறுநாள் காலைல அதே கையாலதான் வாரம் அருமையா போச்சுன்னு மெயில் டைப் பண்ணுவோம்.

கேள்வி கேட்பவன்:

எல்லாம் உருக்கமா இருக்கு, ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. 18 வயசுப் பையனை ரெண்டு வருஷம் வீட்டை விட்டுப் பிரிச்சு, சினிமா கிடையாது, டேட்டிங் கிடையாது, நீச்சல் கூட அடிக்கக் கூடாது, சம்பளமும் இல்ல, அதுக்கு அந்தக் குடும்பமே மாசம் 500 டாலர் கட்டணும். இது சேல்ஸ் வேலைதானே? அதுவும் நம்பர் டார்கெட்டோட. போகலன்னா யூட்டால அந்தப் பையனை எப்படிப் பார்ப்பாங்கன்னு அங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். பாதில திரும்பி வந்தவன் கதி இன்னும் மோசம்.

எல்டர் முன்னாள்:

தப்பா நினைக்கலைங்க, கேக்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காலேருந்து போறவங்களுக்கு 2020 ஜூலைலேருந்து மாசம் 500, முன்ன 400, எந்த நாட்டுக்குப் போனாலும் அதே தொகை, சிலர் சொந்தமா சேர்த்து வைப்பாங்க, முடியாதவங்களுக்கு சபை ஆளுங்க போடுவாங்க. சேல்ஸ்னு சொல்றது, ஆமா, ஒரு பக்கம் அப்படித்தான். நம்பரை வச்சு நம்ம பக்தியை எடை போடற லீடர்ஸும் இருந்தாங்க, அப்படிப் போடாதவங்களும் இருந்தாங்க. எங்க சர்ச்சைச் சேர்ந்த அமெரிக்க அரசியல்வாதி மிட் ராம்னி 1960கள்ல மிஷனுக்காக ஃபிரான்ஸ்ல ரெண்டரை வருஷம் இருந்தார், அங்க யார் கதவைத் திறப்பா? அந்த மாதிரி இடத்துல டார்கெட்னு ஒண்ணு வச்சா பசங்க உள்ளுக்குள்ள நொறுங்கிடுவாங்க.

பாதில வந்தவங்க விஷயத்துல நீங்க சொல்றதை மறுக்க மாட்டேன். டிப்ரஷன்ல திரும்பின பசங்களை ஊர் பேசற பேச்சு எனக்கே பிடிக்காது. ஆனா நான் போனது யாரும் தள்ளிவிட்டு இல்ல, இன்னொரு தடவை போகச் சொன்னாலும் போவேன். ரெண்டும் உண்மைதான், ஒண்ணை வச்சு இன்னொண்ணை அழிக்க வேணாம்.

சால்ட் லேக் அக்கா:

லீஹை தம்பி, உங்க கேள்விக்கு வருவோம், எல்லாரும் எங்கயோ போயிட்டாங்க. எங்க வீட்டுக்கு சிஸ்டர் மிஷனரி பொண்ணுங்க அடிக்கடி சாப்பிட வருவாங்க (பொண்ணுங்களுக்கு 18 மாசம்தான், பசங்களுக்குத்தான் ரெண்டு வருஷம்), டீ காபி தர முடியாது, அவங்க குடிக்க மாட்டாங்க, மத்தபடி என் ரசத்துக்கு ரசிகைங்க. நான் மதம் மாறவும் இல்ல, அவங்க வரதை நிறுத்தவும் இல்ல.

அந்த மெயிலைப் பார்த்து ஏமாறாதீங்க. அது தாத்தா பாட்டி, பிஷப், ஸ்கூல் டீச்சர், உங்க வீடுன்னு எல்லாருக்கும் போற மெயில், அதுல எவன் மனசைத் திறப்பான்? 2019 பிப்ரவரிலேருந்து வாரா வாரம் வீட்டுக்கு ஃபோன் வீடியோ கால் எல்லாம் பண்ணலாம், அதுக்கு முன்ன கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். அழறதெல்லாம் அந்தக் கால்ல அம்மாகிட்ட அழுதிருப்பான், அதனாலதான் அவங்க உங்களை எழுதச் சொல்லியிருக்காங்கன்னு எனக்குத் தோணுது.

அதனால ரிப்ளை ஆல் போடாதீங்க, அவனுக்குத் தனியா எழுதுங்க. பெருமையா இருக்குப்பா, எத்தனை பேரை மாத்தினே, எப்போ திரும்பறே, இது மூணும் வேணாம். உங்க டிரைவ்வேல இப்ப யாரு ஸ்கேட்போர்டு ஓட்டறா, அவன் நாய் எப்படி இருக்கு, தெருவுல எவன் வீட்டு வேலி விழுந்துச்சு, இந்த மாதிரி. கூடவே பதில் சொல்ற மாதிரி சின்னக் கேள்வி ஒண்ணு, உன் கம்பானியன் சமைப்பானா, செருப்பு தேஞ்சுபோச்சா. எங்க வீட்டுக்கு வர மிஷனரிப் பொண்ணு ஒண்ணு சொல்லுச்சு, எல்லா லெட்டரும் அவளுக்கு தைரியம் சொல்லுதாம், எந்த லெட்டரும் அவகிட்ட ஒண்ணும் கேக்கறதில்லையாம்.

லீஹைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, குறிப்பா அக்காவுக்கும் எல்டர் சாருக்கும். ஃபோர்ட்டலேசா நமக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடி ஓடுது, அதனால ஞாயித்துக்கிழமை ராத்திரியே அனுப்பிடறேன், பி-டே காலைல கண்ணுல படட்டும். கம்பானியன் பத்தித்தான் கேக்கப் போறேன். இன்னொண்ணு, முறுக்கு பார்சல் அனுப்பலாமா? எங்க வீட்டு முறுக்குன்னா அவன் டப்பாவையே காலி பண்ணுவான்.

எல்டர் முன்னாள்:

பார்சல் பெரும்பாலும் மிஷன் ஆபீஸுக்குத்தான் போகும், அங்கேருந்து அவன் கைக்கு வரதுக்குள்ள டிரான்ஸ்ஃபரே ஆகியிருக்கும். அவங்கம்மாகிட்ட விலாசம் கேட்டுக்கோங்க, அனுப்பினா கம்பானியனுக்கும் சேர்த்து அனுப்புங்க, ஒரே ரூம்ல ஒளிச்சு வச்சுத் திங்க முடியாது.