முதல் மின்சார டிராம் ரிச்மண்டிலா ஓடியது?

தண்டவாளன்:
மின்சார டிராமைத் தந்தவர் ஃபிராங்க் ஸ்பிரேக் என்றும், 1888இல் அமெரிக்காவின் ரிச்மண்டில் ஓடியதே முதல் டிராம் என்றும் நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 1881லேயே பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டேயில் சீமென்ஸின் டிராம் பயணிகளை ஏற்றியதையும், 1886இல் அதே அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் பொறியாளர் வான் டெபூலின் டிராம்கள் ஓடியதையும் அவர் கேள்விப்பட்டதில்லை போலும்.

அச்சாணி:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயர் சொல்லியே எழுதலாம். லிக்டர்ஃபெல்டேயில் தண்டவாளத்திலேயே மின்சாரம் பாய்ந்ததால், குறுக்கே போன குதிரைகளுக்கு ஷாக் அடித்தது. மாண்ட்கோமரியில் மோட்டாரை வண்டியின் முன்மேடையில் ஏற்றிவைத்துச் சங்கிலியால் சக்கரத்தைச் சுழற்றினார்கள். ஸ்பிரேக்கோ அதை வண்டிக்கு அடியில் கொண்டுபோய், ஒரு பக்கத்தை அச்சின் மீதே தாங்கவிட்டு, மறுபக்கத்தை ஸ்பிரிங் வழியே வண்டியின் சட்டகத்தில் தொங்கவிட்டதால், வண்டி எவ்வளவு குலுங்கினாலும் கியர் பற்கள் பிடி விடவில்லை. மோட்டார் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி.

தண்டவாளன்:
அந்தப் புகழ்பெற்ற இடத்தில் இருந்த மோட்டாரின் பிரஷ்கள், அதாவது சுழலும் பகுதியை உரசி மின்சாரம் தரும் துண்டுகள், என்ன கதியாயின என்பதையும் சொல்லுங்கள். உலோகப் பிரஷ்கள் மளமளவெனத் தேய்ந்து, அவை உரசும் கம்யூட்டேட்டர் வளையத்தில் பொறி பறந்தது. அதற்குத் தீர்வான கார்பன் பிரஷ்ஷைக் கொண்டுவந்தவர், நீங்கள் முன்மேடையோடு ஒதுக்கிவிட்ட அதே வான் டெபூல்.

அச்சாணி:
பிரஷ்ஷைக் கழற்றி மாற்றலாம். அமைப்பை அப்படி மாற்ற முடியாது. 10 சதவீத ஏற்றமுள்ள தெருக்களில் சுமார் 12 மைல் பாதையும் 40 வண்டிகளும் என்று ஒப்பந்தம் எடுத்து, அதை ஓட்டியும் காட்டியவர் ஸ்பிரேக். பாஸ்டனிலிருந்து அந்நகர டிராம் நிறுவனத் தலைவர் விட்னி வந்து பார்த்ததும் ரிச்மண்டைத்தான். மீண்டும் கேட்கிறேன்: மோட்டார் எங்கே இருந்தது?

பழையசென்னை:
1895இல் மதராஸில் டிராம் ஓடியபோது மின்கம்பி தரைக்கடியில் இருந்தது. மழைநீர் புகுந்து தொல்லை கொடுத்ததால் பிறகு மேலே ஏற்றினார்கள். அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

அச்சாணி:
நீராவி டிராம் விவாதத்தையும் இப்படித்தான் மதராஸுக்கு இழுத்துப் போனீர்கள். இங்கே பேச்சு மோட்டாரைப் பற்றியது, கம்பியைப் பற்றியதன்று.

பழையசென்னை:
கம்பியில்லாமல் உங்கள் மோட்டார் எதைத் தின்று ஓடியதாம்?

தண்டவாளன்:
நல்ல கேள்வி. அந்த மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கழியிலும் வான் டெபூலின் கைவண்ணம் உண்டு. அவருடைய காப்புரிமைகளைத் தாம்சன்-ஹூஸ்டன் நிறுவனம் 1888இல் சும்மாவா வாங்கியது?

அச்சாணி:
ஸ்பிரேக்கின் நிறுவனத்தை 1890இல் எடிசன் நிறுவனம் வாங்கியதும் சும்மா இல்லை. காப்புரிமைக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். மாண்ட்கோமரியில் மோட்டார் அடியில் இருந்ததா, மேடையில் இருந்ததா?